எந்தத் தெரு?

தில்லியை விட்டுக் கடலூருக்குக் குடிபோகிறோம் என்றதும் ஆளாளுக்கு ஓர் எச்சரிக்கை சொன்னார்கள். வெயில் தாங்காது, கொசு தூக்கிக்கொண்டு போய்விடும், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் அமையாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்க முடியாது. எல்லாமே பாதி உண்மை. பாதி உண்மைகளோடு குடித்தனம் நடத்த எல்லோருக்கும் தெரியும், நாங்களும் பழகிக்கொண்டோம். யாருமே சொல்லாத ஒரு விஷயம்தான் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடங்காமல் உறுத்துகிறது. இங்கேயே வளர்ந்தவர்களுக்கு அது எச்சரிக்க வேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்காது. அங்கே வளர்ந்த எனக்கு அது செய்தித்தாளில் படிக்கிற விஷயம், அவ்வளவுதான்.

முதலில் ஏன் கடலூர் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. ஒவ்வொரு நவம்பரிலும் வயல் எரிக்கிற புகையும் வண்டிப் புகையும் சேர்ந்து தில்லி வானம் சாம்பல் பூத்து நிற்கும்போது அவருக்கு நெபுலைசர் இல்லாமல் ராத்திரி கழியாது. 'குளிர்காலத்திலாவது இவரை வேறு எங்காவது கொண்டுபோய் வையுங்கள்' என்று டாக்டர் சொல்லிச் சொல்லி, கடைசியில் மொத்தமாகவே போய்விடலாம் என்று முடிவானது. எனக்கு நொய்டா கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். கணவர் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருபவர். அதுவும் லேப்டாப்போடு கூடவே வந்துவிடும். அப்பாவின் சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) அட்டைக்குப் புதுச்சேரியில் மருந்தகம் உண்டு, பெரிய வைத்தியம் என்றால் கோரிமேட்டில் ஜிப்மர். அவர் பிறந்த கிராமம் பண்ருட்டிப் பக்கம், பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண் பூமி. அங்கே போய் உட்கார அவருக்கே விருப்பமில்லை. புதுச்சேரியில்தான் முதலில் வீடு பார்த்தோம். லாஸ்பேட்டையில் கேட்ட வாடகைக்குத் தில்லியிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் கிராமத்துக்கும் நடுவில் கடலூர் இருந்தது, இரண்டு பக்கமும் ஒரு மணி நேர பஸ். தில்லி நண்பர்களிடம் 'பாண்டிச்சேரி பக்கத்தில்' என்றுதான் சொல்கிறேன். அவர்கள் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் நினைத்துப் பொறாமைப்படுகிறார்கள். நான் திருத்துவதில்லை.

2024 ஏப்ரலில் வந்து சேர்ந்தோம். சாமான்களோடு ஒரு பெரிய இரும்பு கூலரும் லாரியில் வந்தது. கூலரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா பிடிவாதம். தில்லியில் மே மாதம் அடிக்கிற அனல் காற்றில் ஈரப்பசையே இருக்காது. நனைந்த புல் தட்டி வழியே அந்தக் காற்று உள்ளே வரும்போது தண்ணீர் ஆவியாகி அறை நிஜமாகவே குளிரும். கடலோரத்துக் காற்றோ ஏற்கெனவே வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்கிறது, இனி எங்கே ஆவியாவது? கூலர் போட்ட அன்று சுவர், மெத்தை, என் மகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம் பிசுபிசுத்துவிட்டன. இங்கே குளுமைக்கு ஒரே வழி மத்தியானத்துக்கு மேல் வருகிற கடற்காற்றுதான். அது தாமதமான நாட்களில் நாங்கள் இருக்கிற மஞ்சக்குப்பம் முழுக்க யாரிடமும் பேச்சுக் கொடுக்க முடியாது. கூலர் இப்போது மொட்டைமாடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. உப்புக் காற்று கேட், மின்விசிறி, ஏசியின் வெளிப்பெட்டி எதையும் விட்டுவைப்பதில்லை என்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

வீடு பார்த்த கதை

தில்லியில் வீட்டுக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். எங்கே வேலை, சைவமா அசைவமா. பதினோரு மாத ஒப்பந்தம், ஒன்றிரண்டு மாத வாடகை டெபாசிட், தரகருக்கு ஒரு பங்கு. அசைவம் என்றால் சில கதவுகள் அடைபடும், அடுத்த தெருவுக்குப் போக வேண்டியதுதான். இங்கே அட்வான்ஸ் பெரிதாகக் கேட்பார்கள், சில இடங்களில் வாடகையே இல்லாமல் மொத்தமாகப் போக்கியத்துக்கு விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, இங்கே கேள்விகள் வந்து சேரும் விதம். யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. மரியாதையாக, காபி கொடுத்து, வாஞ்சையோடு கேட்கிறார்கள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"டெல்லி."

"அது சரி. பூர்வீகம்?"

"பண்ருட்டிப் பக்கம்."

"பண்ருட்டிப் பக்கம்னா எந்த ஊரு?"

நான் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த ஊரை நானே அவ்வளவாகப் பார்த்ததில்லை, பிறந்து வளர்ந்தது எல்லாம் தில்லி என்பேன். அது உண்மையும் கூட. அதற்கு மேல் கேள்வி வேறு வாசல் வழியே வரும். குலதெய்வம் எது, கல்யாணம் எந்தக் கோயிலில், வீட்டில் என்ன விசேஷம் கொண்டாடுவீர்கள். நான் சிரித்துக்கொண்டே நழுவுவேன். இரண்டு நாள் கழித்து போன் வரும். "பையன் திடீர்னு வர்றேங்கிறான்மா, வாடகைக்கு விடுறதா இல்ல." கடலூரில் இத்தனை பையன்கள் ஒரே சமயத்தில் வீடு திரும்புகிறார்களா என்று கணவர் ஆச்சரியப்பட்டார்.

அப்புறம் இந்த வீடு. மஞ்சக்குப்பத்தில், மைதானத்திலிருந்து நடக்கிற தூரம். கீழே வீட்டுக்காரர், மேலே எங்களுக்கான இடம், பின்பக்கம் தனி வாசலோடு ஒரு சின்ன போர்ஷன். வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்பாவைவிட இளையவர். அன்றைக்கு அப்பாவும் கூட வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். டெல்லி, பூர்வீகம், பண்ருட்டிப் பக்கம், ஊர். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊர்ல சாருக்கு எந்தத் தெரு?"

அப்பா ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிப் போனவர். மத்திய அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில், அவ்வப்போது தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம். அந்த ஐம்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து எங்கள் சாதிப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடப் படிவம் நிரப்பும்போதுதான் அதை முதலில் படித்தேன். அதனால் இவர் என்ன சொல்லி நழுவப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நழுவவில்லை. தெருவின் பெயரைச் சொன்னார். தெருக்கோடியில் இருந்த பிள்ளையார் கோயிலைச் சொன்னார். அவருடைய அப்பாவின் பெயரையும், எந்த வகையறா என்பதையும் சேர்த்தே சொன்னார். இவ்வளவு காலம் எங்கேயோ மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டியவர் முகத்தில் தயக்கமே இல்லை.

வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "அட, நம்மாளுங்க! முதல்லயே சொல்லக் கூடாதா?" உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். யார் யாருக்கு என்ன உறவு என்று இருவரும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்கள், அப்பா அவருக்கு மாமா முறை என்று தீர்ந்தது. அந்த நிமிஷத்திலிருந்து 'சார்' போய் 'மாமா' வந்துவிட்டது. கேட்ட அட்வான்ஸில் பாதி போதும் என்றார். வாடகையிலும் ஆயிரம் குறைந்தது. "நமக்குள்ள என்ன இருக்கு?"

"மாப்பிள்ளை எந்தப் பக்கம்?" என்று அப்புறம் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"அவரும் டெல்லிதான்" என்றார் அப்பா. சட்டென்று, அடுத்த கேள்விக்கு இடம் வைக்காத குரலில்.

என் கணவரின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம், வேறு சாதி. எங்கள் கல்யாணம் தில்லியில் நடந்தபோது அது ஒரு விஷயமாகவே இருக்கவில்லை. 'பையன் தமிழ்தானே, பஞ்சாபி இல்லையே' என்று என் அத்தை நிம்மதிப் பெருமூச்சு விட்டதுதான் நடந்த அதிகபட்ச எதிர்ப்பு. அன்று வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் கணவர் சிரித்தார். "மாமா எல்லாரையும் ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டார், என்னை மட்டும் டெல்லியிலேயே விட்டுட்டார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

மதராசி என்ற போர்வை

அப்பாமீது எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். அவரால் மாடிப்படி ஏறி இன்னொரு வீடு பார்க்க முடியாது, அதை முடித்துவைத்தார். என்னை உறுத்துவது வேறு. தில்லியில் எங்களுக்குச் சாதி இல்லை என்று நான் நம்பியிருந்தேன். விந்தியத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் எல்லாம் அங்கே மதராசி. அதில் கேலி உண்டு, இட்லி சாம்பார் நையாண்டி உண்டு. கூடவே ஒரு சௌகரியமும் இருந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923இல் தொடங்கியபோது அதன் பெயரே மதராசி கல்விச் சங்கம்தான். அந்தப் பள்ளிகளில் ஒன்றில்தான் நான் படித்தேன். தஞ்சாவூர், பாலக்காடு, மதுரை, வேலூர் என்று எங்கெங்கோ வேர் உள்ள பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்று. அவன் பார்வையையே நாங்களும் நம்பத் தொடங்கியிருந்தோம்.

ஆனால் போர்வைக்கு ஓரம் உண்டு. அப்பா ஓய்வு பெற்றபின் லாஜ்பத் நகர் பக்கம் வந்துவிட்டோம். அங்கே எங்கள் வீட்டில் ஒரு அக்கா வேலை செய்தார். ஜங்புராவுக்குப் பக்கத்தில், பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த குடிசைப் பகுதியிலிருந்து வருவார். அதன் பெயரும் மதராசி கேம்ப். அக்காவின் சொந்த ஊர் விருத்தாசலத்தை ஒட்டிய ஒரு கிராமம், அதாவது அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே மாவட்டம். என் அம்மாவும் அவரும் தென்னாற்காட்டுத் தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக ஜன்னல் மேடையில் இருக்கும். ஊரில் எந்தத் தெரு என்று எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. மலை மந்திரில் அபிஷேகத்துக்கு வரிசையில் நின்ற தமிழர்களும் வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் லாரிக்கு நின்ற தமிழர்களும் ஒரே மதராசிகளாக இருந்தது மற்றவர்கள் கண்ணில்தான். இதை நான் தில்லியிலேயே கவனித்திருக்க முடியும். கவனிக்க அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடலூரில் இதே போர்வையை வேறு ஆட்கள் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை. கல்லில் நிற்கிற பையன் பீகார். அப்பாவுக்கு அவனைக் கண்டுபிடித்ததில் அவ்வளவு சந்தோஷம். ஹிந்தி பேச ஆள் கிடைத்துவிட்டது. தர்பங்கா என்றான். முழுப் பெயரைக் கேட்டதற்கு முன்பெயரோடு 'குமார்' மட்டும் சேர்த்துச் சொன்னான். அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியே வந்ததும், "குமார்னு நிறுத்திக்கிட்டான் பாரு, கெட்டிக்காரன்" என்றார். பீகாரில் குடும்பப் பெயர் சாதியைச் சொல்லிவிடும், அதனால் பலர் குமாரோடு நின்றுவிடுவார்கள். நாம் இனிஷியலோடு நின்றுவிடுகிற மாதிரி. கடலூருக்கு அவன் வெறும் ஹிந்திக்காரன். இந்த ஊரில் அவனை யாரும் எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற ஊர்க்காரர்கள் கேட்பார்களோ என்னவோ. வடக்கிலிருந்து தெற்கே வேலைக்கு வந்தவன் அவன்தான், நாங்கள் ஏதோ திரும்பி வந்தவர்கள் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கடைக் கல் முன்னால் நிற்கும்போதுதான் இந்த ஊரில் கொஞ்சம் இயல்பாக இருக்க முடிகிறது. என் மகளுக்கும் அப்படித்தான். பள்ளியில் அவளுக்கு 'ஹிந்திக்காரப் பொண்ணு' என்று பெயர், பரோட்டாக் கடையில் மட்டும் தமிழ்ப் பெண்.

புயல்

இவ்வளவும் சொல்லிவிட்டு வீட்டுக்காரரை வில்லனாக விட்டுவிட்டால் அது அநியாயம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. வடகிழக்குப் பருவம் என்று பாடத்தில் படித்ததோடு சரி, ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைவதை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. இங்கே உள்ளவர்களுக்கு 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று வருஷங்கள் விரல் நுனியில் இருக்கின்றன. 'தானே அளவுக்கு இல்ல' என்று நிதானமாகத் தரம் பிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆற்றோரத்து ஊர்களுக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லை, அப்பாவின் நெபுலைசர் ஓடாது.

வீட்டுக்காரர் தன் இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். தங்கள் வீட்டில் ஒரு விளக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய மகன் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் அப்பாவுக்கு மருந்து வாங்கி வந்தான். அவர் மனைவி மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்பினார். தில்லியில் இருபது வருஷம் எதிர் வீட்டில் இருந்தவர்களின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இந்த அன்பு நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வயர் அப்பா சொன்ன தெருவின் பெயரிலிருந்து வந்ததா, இல்லை ஒரு கிழவர் மூச்சுத் திணறுவதைப் பார்த்து வந்ததா? வேறு தெருவின் பெயரைச் சொன்ன குடும்பம் மாடியில் இருந்திருந்தாலும் அவர் வயர் இழுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அந்தக் குடும்பத்துக்கு மாடியே கிடைத்திருக்காது.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அந்தக் கல்லே மிதந்து வந்து கரை சேர்த்த இடம் இந்தத் திருப்பாதிரிப்புலியூர் என்பது ஐதீகம். கரையேறவிட்ட குப்பம் என்றே ஓர் இடத்துக்குப் பெயர் இருக்கிறது. மிதந்து வந்தவரை எந்தத் தெரு என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா என்று வீட்டுக்காரரிடம் வேடிக்கையாக ஒருமுறை கேட்டேன். "அவரு யாருன்னு ஊருக்கே தெரியுமேம்மா" என்றார். பதில் நியாயமாகத்தான் இருந்தது.

2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வாய்க்காலைத் தூர் வார உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சுமார் 370 வீடுகளில் 189க்குத்தான் மாற்று வீடு பெறும் தகுதி என்றார்கள், அதுவும் தில்லியின் வடகோடியில் நரேலாவில். அக்காவின் பெயர் பட்டியலில் இல்லை. கொஞ்ச நாள் மகள் வீட்டில் இருந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். கிராமத்துக்குப் போகப் பிரியமில்லை, அங்கே அவருக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. "கடலூர்ல சின்னதா ஒரு ரூம் கிடைக்குமா பாப்பா? டவுனா இருந்தா நாலு வீட்டு வேலை பாத்துப் பொழச்சிக்குவேன்."

எங்கள் பின்பக்கத்துப் போர்ஷன் காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். தில்லியிலிருந்து வருகிற, எங்களுக்கு வேண்டியவர் என்றதும் முகம் மலர்ந்தது. "தாராளமா வரட்டும். எந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?"

"தெரியாதுங்க. நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "விருத்தாசலத்துல நம்ம சகலை இருக்காரு. விசாரிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றார். அதற்குப் பிறகு தினமும் பார்க்கிறோம். முருங்கைக்காய் தருகிறார், மகளின் மார்க் கேட்கிறார், போர்ஷன் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா தானாகவே சொன்னார். "நான் அவன்கிட்ட பேசுறேன். மாப்பிள்ளை ஊரையும் சேர்த்தே சொல்லிடுறேன்." கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பொறுமையா சொல்லுங்க மாமா, குளிர்காலம் முடியட்டும்" என்றார். நான் குறுக்கே போகவில்லை. அக்கா தை பிறப்பதற்குள் வர வேண்டும் என்கிறார். அதனால் செம்மண்டலத்தில் இரண்டு வீடு பேசி வைத்திருக்கிறேன். ஒன்று அக்காவுக்கான ஒற்றை அறை. இன்னொன்று, அப்பா பேசி முடித்தபிறகு தேவைப்பட்டால், எங்களுக்கு. தரைத்தளம்தான், அப்பாவுக்குப் படி ஏறும் வேலை இருக்காது.